சேவற்கட்டுக் கத்திகள்: தாஜியா, தாரியா, வெள்ளி முள்ளா?

சேவல் சண்டையைத் தமிழகத்தில் கத்திக்கால் என்றும் வெற்றுக்கால் என்றும் பிரித்துச் சொல்வார்கள். காலில் ஆயுதம் கட்டும் முதல் வகை பல நாடுகளில் பல வடிவம் கொண்டது. அவ்வாயுதங்களைச் சேகரிக்க முற்படுபவர் முன் பெரும்பாலும் வந்து நிற்பவை மூன்று: பாலித்தீவின் தாஜி, பிலிப்பைன்ஸின் தாரி, பழைய இங்கிலாந்தின் வெள்ளி முள். வேலைப்பாடு எப்படிப்பட்டது, பொருள் நம் கைக்கு வந்த வழி எது, நாம் கொடுக்கும் பணம் யாரிடம் போய்ச் சேருகிறது என்ற மூன்றையும் பார்த்துத்தான் இவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும். சேவல்களை மோதவிடுவதை ஏற்காத நான், மூன்றாவது கேள்விக்கே அதிக எடை தருகிறேன்.

பாலியில் சேவல் சண்டைக்குத் தாஜென் என்று பெயர். அது தாஜி என்ற கத்தியின் பெயரிலிருந்து பிறந்த சொல். ஆட்டமே ஆயுதத்தின் பெயரால் அழைக்கப்படுகிறதென்றால் அங்கே கத்திக்குள்ள இடம் விளங்கும். நான்கைந்து அங்குல நீளமுள்ள, ஒடுங்கிய, கூர்முனை கொண்ட அந்த எஃகு அலகை, நீண்ட நூலால் சேவலின் காலோடு சேர்த்துச் சுற்றிச் சுற்றிக் கட்டுவார்கள். இரண்டு சேவல்களின் வலு சமமாக இல்லாவிட்டால், கட்டும் விதத்தைச் சற்று மாற்றியே ஏற்றத்தாழ்வைக் குறைப்பார்கள். 1958-இல் அங்கே தங்கி ஆய்வு செய்த மானிடவியலாளர் கிளிஃபர்ட் கீர்ட்ஸ், இக்கத்திகள் கிரகணத்தின்போதும் அமாவாசையிலும் மட்டுமே தீட்டப்படும் என்றும், பெண்களின் கண்ணில் படாமல் வைக்கப்படும் என்றும் பதிவு செய்திருக்கிறார். நிலத்தில் இரத்தம் சிந்தும் தாபு ரா என்ற கோயில் சடங்கோடும் இது பிணைந்தது; 1981-இல் இந்தோனேசிய அரசு சூதாட்டத்தை முற்றாகத் தடை செய்த பிறகும், மூன்று சுற்றுச் சண்டை சடங்கின் பெயரால் நடைபெறுகிறது.

ஆகவே ஒரு பழைய தாஜி, இரும்புத் தொழிலையும் வழிபாட்டையும் பந்தயத்தையும் ஒன்றாகச் சுமந்து வருகிறது. மூன்றில் சொல்வதற்கு மிகுதியான செய்தி உள்ள பொருள் இதுவே என்பதில் எனக்கு ஐயமில்லை. தனி அலகாக வாங்குவதைவிட, பல அலகுகள் அடங்கிய தொகுப்பை அதன் பெட்டியோடு வாங்குவதே சரி. பலமுறை தீட்டப்பட்ட அலகு தேய்ந்து ஒடுங்கியிருக்கும். விற்பதற்கென்றே புதிதாகச் செய்ததில் அந்தத் தேய்மானம் இராது. துருவைக் கண்டதும் பளபளக்கத் தேய்ப்பவர்கள், பொருளின் வயதைச் சொல்லும் ஒரு சான்றைத் தம் கையாலேயே அழித்துவிடுகிறார்கள். மெல்லிய எண்ணெய்ப் பூச்சு போதும்.

பிலிப்பைன்ஸின் தாரி பிறைபோல் வளைந்தது. பொதுவாகச் சேவலின் இடக்காலில் ஒன்று மட்டும் கட்டப்படும். கட்டுபவருக்கு மனனாரி என்று தனிப்பெயரே உண்டு. மகெல்லனின் கப்பல்களில் சென்ற அந்தோனியோ பிகஃபெட்டா, 1521-இல் பலவான் தீவு மக்கள் சண்டைச் சேவல்களை வளர்த்ததை எழுதிவைத்திருப்பதால், மரபின் தொன்மையில் குறையில்லை. சிக்கல் இன்றைய நிலையில் இருக்கிறது. 1974-ஆம் ஆண்டின் சேவல் சண்டைச் சட்டம் ஞாயிறுகளிலும் விடுமுறை நாட்களிலும் ஆட்டத்தை அனுமதிப்பதால், தாரி செய்வது அங்கே உயிரோடிருக்கும் தொழில். உயர்தர எஃகில் செய்யப்படும் புதிய தாரியின் கூர்மைக்கு மற்ற இரண்டும் ஈடாகா; ஆனால் அதை வாங்குபவர், நாளை களத்தில் இறங்கப்போகும் கத்திகளைச் செய்யும் பட்டறைக்கே பணம் கொடுக்கிறார். அக்கூர்மையை எளிதாக எண்ணிவிடவும் கூடாது. 2020-இல் வடக்குச் சமாரில் சட்டவிரோதச் சண்டையைத் தடுக்கச் சென்ற காவல் அதிகாரி, சேவலின் காலிலிருந்த கத்தி தொடையில் பாய்ந்து இறந்தார். 2021-இல் தெலங்கானாவில் ஒருவர் தம் சேவலின் கத்தியாலேயே உயிரிழந்தார்.

இங்கிலாந்தின் வெள்ளி முள் கத்தியே அன்று. சேவலின் இயற்கை முள்ளைக் குறுக நறுக்கிவிட்டு, அதன்மேல் தோல்பட்டையால் பொருத்தப்படும் ஊசி போன்ற வளைமுள் அது; இரு கால்களுக்குமாக இணையாகவே செய்யப்பட்டது. தாஜி வெட்டும், முள் குத்தும்; அதனால் முள்ளால் நடக்கும் சண்டை நீண்டுகொண்டே போகும். வெள்ளியின் மென்மையைக் கண்டு இதைக் கருணையின் அடையாளமாகச் சித்திரிக்கும் விற்பனையாளரின் சொல்லை ஏற்க வேண்டாம். 1835-ஆம் ஆண்டின் சட்டம் சேவல் சண்டைக் களங்களைத் தடை செய்ததால், அதற்கு முந்தைய இணை ஒன்றை வாங்கும்போது, இன்று இயங்கும் எந்தக் களத்துக்கும் நம் பணம் செல்வதில்லை. பெட்டியும் தோல்பட்டையும் சேர்ந்தே கிடைத்தால் விலை ஏறினாலும் தயங்க வேண்டியதில்லை. பிற்காலத்தில் செய்த நகல்களிடமிருந்து வேறுபடுத்த அவையே துணை.

கரீபியப் பகுதியில் அழுங்காமை ஓட்டால் செய்த முட்களும் உண்டு. அவ்வாமை, அழியும் நிலையிலுள்ள உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் பன்னாட்டு உடன்படிக்கையின் முதல் பட்டியலில் இருப்பதால், அவற்றை முழுவதுமாக விலக்கிவிடலாம்.

வாங்கும் நாட்டின் சட்டத்தையும் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டம், சண்டைக்குப் பயன்படுத்தும் நோக்கத்தோடு இத்தகைய கருவியை வைத்திருப்பதைக் குற்றமாக்குகிறது. நோக்கமே அங்கே அளவுகோல். அமெரிக்கா 2007-இல் மாநிலங்களுக்கிடையிலும் வெளிநாட்டோடும் சண்டைச் சேவலின் கத்தி, முள் ஆகியவற்றை விற்பதையும் வாங்குவதையும் கொண்டுசெல்வதையும் கடுங்குற்றமாக்கியது. இந்தியாவில் 1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம் விலங்குகளைச் சண்டைக்குத் தூண்டுவதைத் தண்டிக்கிறது. எனவே பொங்கல் காலத்தில் களத்துக்கருகே விற்கும் புதிய கத்தியைச் சேகரிப்பு என்ற பெயரில் வாங்குவது என் பார்வையில் முறையன்று.

முதலில் ஓர் இணை வெள்ளி முள்ளும், அடுத்து வந்த வழி தெளிவாகத் தெரிந்த பழைய தாஜித் தொகுப்பும் என்பதே என் வரிசை. தாரியைப் பொறுத்தவரை, தொழிலை விட்டுவிட்ட மனனாரி ஒருவரின் பழைய பெட்டி அவருடைய குடும்பத்தாரின் கையெழுத்துச் சான்றோடு வந்தால் மட்டுமே வாங்குவேன்.