பாறை மண்டபமா, வீட்டு மூலையா?

தியானம் பழக நினைக்கும் குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு முதலில் நினைவு வருவது விவேகானந்தர் பாறைதான். 1892 டிசம்பரில் அவர் தியானத்தில் அமர்ந்த இடம். 1970-இல் திறந்த நினைவு மண்டபத்தில் தியானத்துக்கென்றே தனி அறை உண்டு. உள்ளே பேச்சில்லை, வெளிச்சம் மங்கல், எதிரே ஓங்காரம். புதிதாக உட்காருபவருக்கு அந்த அமைதியே பாதி வேலையைச் செய்துவிடும். ஆனால் படகுக்கு வரிசையில் நிற்க வேண்டும். கடல் கொந்தளித்தால் படகே ஓடாது.

வீட்டு மூலையில் அந்த அமைதி கிடைக்காது. மிக்ஸி இரையும், பிள்ளைகள் கூப்பிடுவார்கள். ஆனாலும் நான் இதைத்தான் சொல்வேன். மனம் ஓடும், ஓடியதைக் கண்டு மூச்சுக்குத் திருப்ப வேண்டும். அந்தத் திருப்பல்தான் பயிற்சி. அது தினமும் நடக்க வேண்டும். மூச்சை மெதுவாக, நீளமாக விட்டால் இதயத் துடிப்பு தணியும். அமெரிக்காவில் 1979-இல் ஜான் கபாட்-ஜின் தொடங்கிய, மன அழுத்தம் குறைக்கும் தியானப் பயிற்சியும் 8 வாரம்; வாராந்திர வகுப்போடு வீட்டிலும் அன்றாடம் செய்வதுதான்.

2014-இல் தியானம் பற்றிய 47 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது பதற்றம், மனச்சோர்வு, வலி மூன்றிலும் பலன் உண்டு என்பதற்கு மிதமான சான்று கிடைத்தது. உடல் எடைக்கு அப்படிச் சான்று இல்லை. மாத்திரை சாப்பிடுகிறவர்கள் தயவுசெய்து அதை நிறுத்திவிடாதீர்கள்.

குமரி மாவட்டத்து மருந்துவாழ் மலைக் குகையில் கேரளத் துறவி நாராயண குருவே தவமிருந்திருக்கிறார். அங்கும் போகலாம், விடுமுறை நாளில். மற்ற நாட்களில் விடியலில் பாய் விரித்துப் பத்து நிமிடம் உட்காருங்கள்.