6090 சீஎன்சீ ரூட்டர்: யாழ்ப்பாணத்துப் பட்டறைக்குச் சரிவருமா?

இது கணினி வரைபடத்தின்படி மரத்தைத் தானாகவே செதுக்கி வெட்டும் இயந்திரம். கதவுப் பூவேலை, பெயர்ப்பலகை, சாமிப்படச் சட்டம் செதுக்க 600×900 மிமீ மேசை தாராளம். எட்டடிப் பலகையை முழுதாய் வெட்டுவதென்றால் 1300×2500 மிமீ மேசையுள்ள 1325தான் வேணும்.

வெட்டும் பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 2.2 கிலோவாட், சிங்கிள் பேஸில் ஓடும். நீரால் குளிர்வது என்பதால் கவனம்: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் சுண்ணாம்பு அதிகம், உள்வழியில் படிந்து அடைத்துவிடும். பிறகு ஸ்பிண்டில் சூடேறி பேரிங் போகும். காய்ச்சி வடித்த தண்ணீரே ஊற்றுங்கள்.

வாங்குமுன் ஸ்பிண்டில் நகர்ந்து ஓடும் தண்டவாளத்தைப் பாருங்கள். உருளைக் கம்பி என்றால் வேண்டாம். தேக்கில் ஆழமாய் இறங்கினால் அதிர்ந்து, விளிம்பில் அலையலையாய்க் கோடு விழும். 20 மிமீ சதுரத் தண்டவாளம் நல்லது.

இரண்டு வெட்டுவாய் உள்ள 6 மிமீ பிட்டுக்கு நிமிடத்துக்கு 18,000 சுற்று; மரத்தில் பிட் முன்னேறும் ஓட்டம் நிமிடத்துக்கு 3,600 மிமீ. பயந்து மெதுவாய் விட்டால்தான் மரம் கருகும்.