காய்ச்சல் கணக்கும் டாஷ்போர்டும்: வன்னியில் இருந்து ஒரு பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சிப் பக்கம் பொதுச் சுகாதார வேலையில் இருக்கும் எனக்குத் தொற்றுநோய் டாஷ்போர்ட், அதாவது நோய் எண்களை வரைபிலும் வரைபடத்திலும் காட்டும் கணினிப் பலகை, சில மாரிகளாகவே பழக்கம். நோய் எங்கே நிற்கிறது என்று பார்க்க நல்ல சாமான். அடுத்த மாதம் எத்தனை பேருக்கு வரும் என்று அது இழுக்கும் கோட்டை மட்டும் நான் பாதிதான் நம்புவேன்.

காரணம், எண்கள் வந்து சேரும் வழி. டெங்குச் சந்தேகம் என்றால் ஆஸ்பத்திரி, தொற்றுநோயை அறிவிக்கும் எச் 544 படிவத்தை நிரப்பி, நோயாளி வசிக்கும் பகுதியின் சுகாதார வைத்திய அதிகாரிக்கு அனுப்பும். பிறகு பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வீட்டுக்குப் போய் விசாரிப்பார். வன்னி ஆட்கள் பலர் யாழ்ப்பாணத்திலோ வவுனியாவிலோதான் வார்டில் படுப்பார்கள். அங்குள்ள சொந்தக்காரர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டால், முல்லைத்தீவில் கடித்த நுளம்பு யாழ்ப்பாண வரைபடத்தில் சிவப்பாகத் தெரியும். மறுபக்கமும் உண்டு. தைப்பொங்கலுக்குக் கொழும்பில் இருந்து வரும் பிள்ளைகள் பஸ்ஸால் இறங்கும்போதே காய்ச்சலோடு இறங்குவார்கள். உடனே எங்கள் கிராம அலுவலர் பிரிவு சிவக்கும்; வளவு முழுக்கத் தேடினாலும் ஒரு நுளம்புக் குடம்பி கிடைக்காது. அதனால் கடைசி இரண்டு கிழமை எங்கே நின்றார் என்று கேட்காமல் நான் எந்தப் புள்ளியையும் நம்புவதில்லை.

புதிதாகப் பாவிப்பவர்கள் முதலில் செய்ய வேண்டியது, வரைபை ‘அறிவித்த திகதி’யில் இருந்து ‘காய்ச்சல் தொடங்கிய திகதி’க்கு மாற்றுவது. அப்போதும் கடைசிக் கிழமை எப்போதும் இறங்கித்தான் இருக்கும். படிவங்கள் இன்னும் வழியில் கிடக்கின்றன. அதைப் பார்த்து “குறையுது” என்று கூட்டத்தில் சந்தோஷப்படாத ஆளை நான் இன்னும் காணவில்லை.

எச்சரிக்கை நிறமும் அப்படித்தான். எங்கள் பலகை முந்தைய ஐந்து வருடச் சராசரியோடு ஒப்பிடுகிறது. 2017 இல் நாடு முழுவதும் 186,101 டெங்கு நோயாளர்கள் பதிவானார்கள். அப்படி ஒரு வருடம் கணக்கில் கிடந்தால் மற்ற அலைகள் அமுங்கிவிடும். ஆட்தொகை குறைந்த முல்லைத்தீவிலோ நாலு பேர் கூடினாலே நிறம் மாறும்.

ஆனால் எலிச் சிறுநீர் கலந்த தண்ணீரால் தொற்றும் எலிக்காய்ச்சலில் இதே பலகை கை கொடுக்கிறது. அங்கே நான் நோயாளர் வரைபை விட்டுவிட்டு மழை வரைபைத்தான் பார்ப்பேன். வடகீழ்ப் பருவமழை கொட்டி, காலபோக வயலில் தண்ணீர் நின்று, சனம் வெறுங்காலோடு இறங்கினால், பெரும்பாலும் 5 முதல் 14 நாளில் காய்ச்சல் தொடங்கும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் இது உயிர்களையும் எடுத்தது. ஆய்வுகூட முடிவு பலகையில் ஏறும்வரை காத்திருந்தால் பிந்திவிடும். மழைக் கோடு ஏறும்போதே வயல்காரருக்குத் தடுப்பு மருந்தாக டொக்ஸிசைக்ளின் கிழமைக்கு 200 மில்லிகிராம் கொடுக்கத் தொடங்கலாம். முன்னறிவிப்பு என்றால் எனக்கு இதுதான்.

போனில் திறப்பது கரைச்சல். வெளிக்களத்துக்குப் போகுமுன் திரையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலேரியாப் பக்கத்துக்கு ஒரு கோரிக்கை. உலக சுகாதார நிறுவனம் 2016 இல் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. உள்ளூரில் தொற்றியவர் என்று அங்கே இருப்பது பூச்சியம்தான். ஆனால் அதற்குப் பிறகு மன்னாரில் மலேரியாவைப் பரப்பக்கூடிய அனோபிலிஸ் ஸ்டீபன்சி நுளம்பு பிடிபட்டது. அந்தப் பூச்சியத்துக்குப் பக்கத்தில் எத்தனை பேரின் இரத்தம் சோதித்தார்கள் என்ற எண்ணும் வேண்டும். நான் பாவிக்கும் பலகையில் அது இன்னும் இல்லை.