850 ரூபாய் நெம்புகம்பி செட்: வாங்க நினைப்போர் கவனத்திற்கு

கடந்த மே மாதம் நாகர்கோவிலில் ஒரு ஹார்டுவேர் கடையில், ஐந்து நெம்புகம்பிகள் அடங்கிய செட் ஒன்றை வீட்டு உபயோகத்திற்காக 850 ரூபாய் கொடுத்து வாங்கினேன். நான்காம் நாள், பழைய கதவு நிலை ஒன்றைப் பெயர்த்துக்கொண்டிருந்தபோது, அவற்றுள் பெரிய கம்பி நுனி வளைவில் இரண்டாக ஒடிந்தது. ஒடிந்த துண்டு என் அக்காள் மகனின் காதோரமாகப் பறந்து பின்சுவரில் மோதியது. அவனுக்குப் பதினான்கு வயது. சுவர்ப்பூச்சில் அது பதித்த குழியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இன்றும் வயிற்றைப் பிசைகிறது. வேறொருவர் வீட்டிலும் இது நடந்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதுகிறேன்.

எங்கள் வீடு குளச்சலுக்கு அருகில், கடற்காற்று நேராக வந்து அடிக்கும் இடத்தில் இருக்கிறது. முன்பக்க நிலைகள் அயனி மரத்தால் ஆனவை என்பதால் தாத்தா காலத்திலிருந்து அசையாமல் நிற்கின்றன. பின்கட்டு அறையின் நிலை மட்டும் சாதாரண மரம், அதைக் கறையான் அரித்துவிட்டது. ஜூனில் மழை பிடிப்பதற்குள் அதைக் கழற்றி மாற்ற வேண்டியிருந்தது. உப்புக் காற்று படும் வீடுகளில் ஆணி துருப்பிடித்துப் பருத்து மரத்தை இறுகக் கவ்விக்கொள்ளும். அதன் தலையோ சுத்தியல் நகத்தால் இழுத்தவுடன் உதிர்ந்துவிடும். ஆகையால் இங்கே நல்ல நெம்புகம்பி ஒன்று வீட்டில் இருப்பது அவசியம். மண் தோண்டும் கம்பிப்பாரை இருந்தாலும் அதன் தடித்த முனை நிலைக்கும் சுவருக்கும் இடைப்பட்ட சந்தில் நுழையாது.

கடையில் காட்டிய செட்டில் மஞ்சள் பிளாஸ்டிக் பிடியுடன் மூன்று கம்பிகளும், பிடியில்லாத தட்டைக் கம்பிகள் இரண்டும் இருந்தன. ஒவ்வொன்றிலும் 'குரோம் வனேடியம்' என்று, கருவிகளுக்கான உறுதியான கலப்பு எஃகின் பெயர் அச்சிட்டிருந்தது. அட்டையில் 1,999 ரூபாய் என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்ததால், பாதி விலைக்கும் குறைவாகக் கிடைக்கிறது என்று எண்ணி அதிகம் யோசிக்காமல் எடுத்துவிட்டேன். பில் கேட்டபோது, வரி தனியாக வரும் என்று சொல்லி, கடையின் பெயர்கூட இல்லாத ஒரு 'எஸ்டிமேட்' துண்டுச் சீட்டைக் கொடுத்தார்கள். நான் ஏமாந்த இடம் இதுதான். அதிகபட்ச சில்லறை விலை என்பதே எல்லா வரிகளும் அடங்கிய விலை. பொட்டலத்தில் விலையை ஒட்டி விற்கும் ஒருவர், பில்லுக்கு வரி தனி என்று கேட்பது முறையாகாது.

ஒடிந்த துண்டுகளோடு கடைக்குப் போனேன். "எதுக்கு இத வச்சு நிலைய நெம்புனிய? ஒடிச்சிட்டு வந்து மாத்தித் தரணும்னா எப்படி அண்ணாச்சி?" என்றார் கல்லாவில் இருந்தவர். நெம்புவதற்கென்று விற்ற பொருளால் நெம்பியதை அவர் என் குற்றமாக்கியது, பணம் போனதைவிட அதிகமாக வலித்தது. துண்டுச் சீட்டைக் காட்டினேன். அது தங்கள் கடையின் சீட்டு என்பதற்கு என்ன சாட்சி என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

திங்கள்சந்தைக்குப் போகும் வழியில் எனக்குத் தெரிந்த கொல்லுப்பட்டறை ஒன்று உண்டு. அங்கிருந்த பெரியவர் ஒடிந்த முகத்தை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, "இது வார்ப்புல்லா தம்பி" என்றார்; உருக்கி அச்சில் ஊற்றிய இரும்பு என்று பொருள். உடைந்த பரப்பு சீனிக் கற்கண்டு போலச் சொரசொரவென்று சாம்பல் நிறத்தில் இருந்தது. கிரைண்டரில் அவர் வைத்தபோது குட்டையான, மங்கிய சிவப்புப் பொறிகளே வந்தன. பக்கத்தில் கிடந்த லாரி ஸ்பிரிங் பட்டையை வைத்தபோது பொறிகள் நீளமாகவும் வெளிச்சமாகவும் பறந்து நுனியில் பூவாணம் போலச் சிதறின. தட்டைக் கம்பிகளில் ஒன்றை அவர் அரத்தால் தேய்த்தார். பதமேற்றிய எஃகில் வழுக்கிச் செல்ல வேண்டிய அரம் அதில் வெண்ணெயில் போல இறங்கியது. அதாவது, ஒன்று ஒடியும் இரும்பு, மற்றொன்று வளையும் இரும்பு. நெம்புகம்பிக்கு வேண்டியது இவ்விரண்டுக்கும் நடுவிலான குணம். நடுத்தரக் கார்பன் எஃகையோ ஸ்பிரிங் எஃகையோ சிவக்கக் காய்ச்சி எண்ணெயில் முக்கிக் கடினமாக்கி, பிறகு மிதமான சூட்டில் மீண்டும் பதப்படுத்தினால்தான் அக்குணம் வரும். இரண்டாம் சூட்டை விட்டுவிட்டால் நல்ல எஃகும் கண்ணாடிபோல் உடையும்.

வீட்டுக்கு வந்து, ஒடிந்த கம்பியின் பிளாஸ்டிக் பிடியை அறுத்துப் பார்த்தேன். கம்பி அதற்குள் நான்கு சென்டிமீட்டர்தான் போயிருந்தது; மீதிக்கு மெல்லிய தகரக் குழாய். இதைக் கடையிலேயே கண்டுபிடித்திருக்க முடியும் என்பது எனக்குப் பெரும் வருத்தம். கட்டடக் கம்பி வாங்கிய எவருக்கும் தெரிந்த கணக்குதான்: விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் கிடைக்கும். 16 மில்லிமீட்டர் கம்பிக்கு அது 1.58 கிலோ. 45 சென்டிமீட்டர் நீளமுள்ள அக்கம்பி முழுத் திண்மமாக இருந்தால் 710 கிராம் நிற்க வேண்டும். ஒடிந்த இரு துண்டுகளையும் பிடியையும் சேர்த்து மளிகைக் கடைத் தராசில் வைத்தபோது 540 கிராம்தான் நின்றது.

எடையில் இவ்வளவு கறாராக இருக்கக் காரணம் உண்டு. கம்பி ஊன்றி நிற்கும் தாங்குமுனையிலிருந்து, ஆணியையோ மரத்தையோ நெம்பும் நகம் 4 சென்டிமீட்டரும் கை பிடிக்கும் இடம் 40 சென்டிமீட்டரும் இருந்தால், 30 கிலோ விசையோடு அழுத்தும்போது நகத்தில் ஏறத்தாழ 300 கிலோ விசை இறங்குகிறது. அந்த நேரத்தில் ஒடியும் துண்டு எந்தத் திசையில் போகும் என்று யாராலும் சொல்ல முடியாது. பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல், பையனையும் பக்கத்தில் நிற்க விட்டு நான் வேலை செய்தது என் தவறு. அதை மறைக்க விரும்பவில்லை.

குறைந்த விலையில் வாங்குவதை நான் குறை சொல்லவில்லை. வீட்டுக்கு ஐந்து கம்பிகள் தேவையே இல்லை. அடிமுதல் நுனிவரை ஒரே எஃகாலான ஆணி பிடுங்கிப் பாரை ஒன்றும், அகலமான தட்டைக் கம்பி ஒன்றும் போதும். பிடி உள்ளதை வாங்குவதானால், கம்பி பிடியை ஊடுருவி மறுமுனையில் இரும்பாக வெளியே தெரிகிறதா என்று பாருங்கள். பாரைகளுக்கென்று ஐ.எஸ். 704 என்ற இந்தியத் தரக்குறிப்பு உண்டு. அதைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். பொட்டலத்தில் தயாரிப்பாளர் அல்லது இறக்குமதியாளரின் பெயரும் முகவரியும், மாதமும் ஆண்டும், விலையும் இருக்க வேண்டும் என்பது சட்டமுறை எடையளவு விதிகள் சொல்வது. என் அட்டையில் விலையைத் தவிர வேறெதுவும் இல்லை.

எல்லாவற்றுக்கும் மேலாக, முறையான பில் இல்லாமல் கடையை விட்டு இறங்காதீர்கள். 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, பில்லில் வேறு கெடு குறிப்பிடப்படாதபோது, குறையுள்ள பொருளை 30 நாட்களுக்குள் திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பில் தர மறுப்பதும் அவ்வாறே. தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915இல் புகார் சொல்லலாம். நாகர்கோவிலில் உள்ள மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கொடுத்த விலை ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குகளுக்குக் கட்டணமும் கிடையாது. என் கையில் இருந்ததோ வெறும் துண்டுச் சீட்டு.

அந்த நிலையைக் கடைசியில், கொல்லுப்பட்டறைப் பெரியவர் ஸ்பிரிங் பட்டையில் அடித்துக் கொடுத்த 450 ரூபாய்ப் பாரையால்தான் கழற்றினேன். மஞ்சள் பிடியும் 1,999 ரூபாய் ஸ்டிக்கரும் உள்ள இந்தச் செட்டை ஏற்கெனவே வாங்கியிருப்பவர்கள் இன்றே தராசில் நிறுத்துப் பாருங்கள். எடை குறைந்தால் பெயின்ட் டப்பா மூடியைத் திறப்பதற்கு மேல் எதற்கும் அதைப் பயன்படுத்த வேண்டாம், பிள்ளைகள் கையில் கிடைக்கும்படியும் வைக்க வேண்டாம்.