பாதி வெந்த கேம்களை வாங்கி விளையாடிய எட்டு வருஷம்

கம்ப்யூட்டர் கேம் விற்கும் ஆன்லைன் கடையான ஸ்டீமில், எர்லி ஆக்சஸில், அதாவது முடிக்காமலே விற்பனைக்கு விட்ட நிலையில், இருக்கும்போதே நான் வாங்கிய கேம்கள் பதினாலு. ஐந்து முடிந்து வெளிவந்துவிட்டன, ஆறு இன்னும் வெந்துகொண்டிருக்கின்றன, மூன்றை அநாதை என்றே சொல்லலாம், பெற்றவர்கள் எங்கே போனார்களோ தெரியவில்லை. "இப்பவே வாங்கலாமா, முழுசா வரட்டுமா?" என்று நண்பர்கள் கேட்டால் நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: இன்றைக்கு அதில் இருப்பதற்கு மட்டும் காசு கொடுக்கலாம், அடுத்த வருஷம் வரும் என்று போட்டிருக்கும் படத்துக்கு வேண்டாம்.

நான் முதலில் வாங்கியது தொழிற்சாலை கட்டும் கேமான ஃபேக்டோரியோ, 2017 கடைசியில். என்னைக் கெடுத்ததும் அதுதான். ஏனென்றால் முடியாத நிலையிலேயே அது முடிந்த பல கேம்களைவிட நன்றாக இருந்தது, இரவு பத்து மணிக்கு ஒரு கன்வேயர் பெல்ட்டைச் சரி செய்யலாம் என்று உட்கார்ந்தால் பால்காரர் மணி அடிக்கும்போதுதான் தலை நிமிரும். பிராக் நகரத்தில் இருக்கும் அதை உருவாக்கிய குழு, அப்போதெல்லாம் வெள்ளிக்கிழமை வந்தால் அந்த வாரம் எதை மாற்றினோம், ஏன் மாற்றினோம் என்று படத்தோடு எழுதிவந்தது. தள்ளுபடியே கிடையாது என்பது அவர்கள் கொள்கை. டாலர் கணக்கில் 20 ஆக இருந்த விலை 2018இல் 30 ஆனது, 2020 ஆகஸ்டில் கேம் முடிந்து வந்தது, 2023இல் விலை 35. சேலுக்காகக் காத்திருந்தவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள்! எல்லாரும் இப்படித்தான் இருப்பார்கள் என்று நம்பித்தான் அடுத்தடுத்து வாங்கித் தள்ளினேன்.

அடி வாங்கியது ஒரு தீவு கேமில், பெயர் வேண்டாம். கடலுக்குள் கம்பு நட்டு வீடு கட்டி, மீன் காயவைத்து, ஆடு வளர்த்து வாழவேண்டும். முப்பது மணி நேரத்துக்கு மேல் செலவழித்து மாடி வீடே கட்டியிருந்தேன். ஒரு அப்டேட் வந்தது. திறந்தால் வீட்டுத் தரையைக் காணோம், சுவர் நாலும் இருக்கின்றன, நடுவில் என் ஆடு இரண்டும் அந்தரத்தில் நின்றபடி மேய்ந்துகொண்டிருக்கின்றன. அப்டேட் குறிப்பின் கடைசி வரியில், பழைய சேவ் (விளையாடியதைச் சேமித்த பதிவு) ஒழுங்காக வேலை செய்யாமல் போகலாம் என்று போட்டிருந்தார்கள். சரி, மறுபடி ஆரம்பித்தேன். அப்புறம் மூன்று வாரத்துக்கு ஒருமுறை வந்த அப்டேட் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆனது, பிறகு "பெரிதாக ஒன்று தயாராகிறது" என்று ஒரு படம், அதற்குப் பிறகு மூச்சு பேச்சில்லை. ரீஃபண்ட் கேட்கவும் வழியில்லை. வாங்கி 14 நாளுக்குள், 2 மணி நேரத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால்தான் ஸ்டீமில் கேள்வி கேட்காமல் தருவார்கள், இந்த மாதிரி கேமில் கோடாரி செய்யக் கற்றுக்கொள்வதற்குள் அந்த 2 மணி நேரம் போய்விடும். நான் விளையாடியது 46 மணி நேரம். கொடுத்த ஐந்நூற்றுச் சொச்ச ரூபாய்க்கு அது நஷ்டமே இல்லை, சினிமா டிக்கெட்டோடு ஒப்பிட்டால் கொள்ளை மலிவு. ஆனாலும் மனசு ஆறவில்லை, அந்த ஆடுகளை நினைத்தால் இப்பவும் எரிச்சல்தான்.

இதில் ஸ்டீம் ஒன்றையும் மறைக்கவில்லை, சில குழுக்களால் கேமை முடிக்க முடியாமலே போகலாம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். 2025இலிருந்து ஒரு வருஷத்துக்கு மேல் அப்டேட் வராத எர்லி ஆக்சஸ் கேமின் ஸ்டீம் பக்கத்திலேயே அதையும் காட்டுகிறார்கள். நான் வாங்கும்போது அது இல்லை.

பெரிய கம்பெனி என்றால் பயமில்லை என்று சிலர் சொல்வார்கள். ராக்கெட் கட்டி விண்வெளிக்கு விடும் கெர்பல் ஸ்பேஸ் புரோகிராமின் முதல் கேமைச் சின்னக் குழு ஒன்று 2011இலிருந்தே முடிக்காமல் வெளியிட்டு வளர்த்தது, 2015 ஏப்ரலில் முடிந்த வடிவமான 1.0 வந்தது. இரண்டாவதற்குப் பெரிய பதிப்பாளர் துணை, 2023 பிப்ரவரியில் 50 டாலருக்கு விட்டார்கள், அடுத்த வருஷமே ஸ்டுடியோவை மூடிவிட்டார்கள். சொன்ன வேற்றுக் கிரகக் காலனியும் வரவில்லை, வேறு நட்சத்திரத்துக்குப் போகும் பயணமும் வரவில்லை. எதிர்ப்பக்கம் பார்த்தால், நடைப்பிணங்களுக்கு நடுவே பிழைத்துக் கிடக்கும் புராஜெக்ட் சோம்பாய்ட். 2011இல் அதை உருவாக்கியவர்கள் வீட்டில் திருடன் புகுந்து கேமின் புரோகிராம் இருந்த லேப்டாப்களையே தூக்கிக்கொண்டு போனான், எழுதியதில் ஒரு பகுதி போயே போனது. அந்தக் குழு அப்படியும் விடவில்லை. 2013 நவம்பரில் ஸ்டீமுக்கு வந்தார்கள், 2021 டிசம்பரில் பில்ட் 41 என்ற பெரிய அப்டேட், 2024 டிசம்பரில் 42இன் சோதனை வடிவம். 41இல் போட்ட சேவ் 42இல் ஓடாது, ஆனால் வேண்டுமென்றவர்கள் மட்டும் மாறிக்கொள்ளும்படி அதைத் தனியாக விட்டார்கள் என்பதால் என் பழைய வீடும் அதைச் சுற்றி நான் அடுக்கிய மரச்சுவரும் பத்திரமாக இருக்கின்றன. இத்தனை வருஷத்தில் எனக்கு அதிகச் சந்தோஷம் கொடுத்தது இதுதான், முடியவே வேண்டாம் என்றுகூடத் தோன்றும்.

இன்னொரு நஷ்டம் உண்டு, அதில் பணமே போகாது. ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்காத கதை. கதையை நம்பி ஓடும் பால்டர்ஸ் கேட் 3 எர்லி ஆக்சஸில் 2020 அக்டோபரில் வந்தபோது முதல் பாகம் மட்டும்தான் இருந்தது, முழுசாக வரும்போது இந்த சேவ் செல்லாது என்றும் தெரியும். தெரிந்தும் அந்த முதல் பாகத்தை நாலு தடவை விளையாடினேன். 2023 ஆகஸ்டில் முழுக் கேம் வந்தபோது ஊரே கதை தொடங்கும் அந்தக் கப்பலையும் கடற்கரையையும் வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டிருக்க, நான் மட்டும் பேச்சையெல்லாம் தள்ளிவிட்டு ஓடிக்கொண்டிருந்தேன். கதை முக்கியமான கேமை இனி முன்கூட்டி தொடமாட்டேன். தொழிற்சாலை கட்டுவது, வீடு கட்டுவது, பிழைத்துக் கிடப்பது, இந்த வகை என்றால் பாதியில் வாங்கினாலும் கெட்டுப்போவதில்லை.

பழைய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஒன்று. கேமை லேசாக்கி வேகமாக ஓட வைக்கும் வேலையைப் பெரும்பாலும் கடைசியில்தான் செய்வார்கள், அதனால் ஸ்டீம் பக்கத்தில் போட்டிருக்கும், கம்ப்யூட்டருக்கான குறைந்தபட்சத் தேவையை நம்பவேண்டாம். நான் இப்போதெல்லாம் வாங்கினதும் டியூட்டோரியலைத் தாண்டி, மரம் அடர்ந்த இடமாகப் பார்த்து ஓடவிட்டு மின்விசிறிச் சத்தத்தைக் கேட்பேன், 2 மணி நேரம் முடியும் முன்பே அலாரம் வைத்துக்கொண்டு. போன மாதம் ஒன்றைத் திருப்பிக் கொடுத்தேன். இன்னொன்றின் பக்கத்தைத் தினமும் திறந்து கடைசி அப்டேட் தேதியைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன், இன்றைக்குப் பார்த்தபோது ஒன்பது நாள்.