சங்கியேச்சன் அருங்காட்சியகம், சியோல்: எழுந்து மறைந்த ஒரு விரைவுச்சாலையின் வரலாறு

சியோல் நகரின் நடுவே ஓடிய சங்கியேச்சன் ஓடையை 1958 முதல் கான்கிரீட்டால் மூடி, அதன்மேல் உயர்மட்ட விரைவுச்சாலை எழுப்பி, பின்னர் 2003-இல் அச்சாலையையே இடிக்கத் தொடங்கி, 2005-இல் ஓடையை மீண்டும் திறந்த வரலாற்றை இந்த அருங்காட்சியகம் கட்டணமின்றிக் காட்டுகிறது. கொரியப் போருக்குப் பின் ஏழைகள் கரையோரம் கட்டிக்கொண்ட பலகை வீடுகளின் மாதிரிகள் முன்பு எதிரே நின்றன. அவ்வீடுகளில் வாழ்ந்தோர் பலர் நகருக்கு வெளியே, இன்றைய சங்னம் பகுதிக்கு அனுப்பப்பட்டனர் என்பதை அறியும்போது நெஞ்சு கனக்கிறது.

ஓடையின் மீட்பைப் போற்றும் எவரும் அதன் விலையையும் சொல்ல வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாலை இடிக்கப்பட்டபோது இடமிழந்த தெருவணிகர்கள் டோங்டேமுன் விளையாட்டரங்கிற்கு மாற்றப்பட்டு, அந்த அரங்கும் இடிக்கப்பட்டபோது மறுபடியும் இடம்பெயர்ந்தனர். அவர்களுக்கெனத் தனிக்கூடமே அமைக்கலாம். ஓடையில் இன்று பாயும் நீரில் பெரும்பகுதி ஹான் ஆற்றிலிருந்து இயந்திரத்தால் ஏற்றப்படுவது என்பதும் பலருக்குத் தெரிவதில்லை.

இடிக்காமல் விட்டுவைத்த மேம்பாலத் தூண்கள் மூன்றையும் அவசியம் காணுங்கள். சாலையின் பருமனை எந்தப் படமும் இவ்வளவு தெளிவாக உணர்த்தாது. திங்கட்கிழமை விடுமுறை.