டோக்கன் தேடும் டூலுக்கு ஆவணம்: ஓபன்ஏபிஐ, எம்சிபி, ஸ்கில் கோப்பு – எதை எங்கே எழுதுவது?

ஒரு கிரிப்டோ டோக்கனின் சின்னத்தைக் (சுருக்கப் பெயரை) கொடுத்தால், பிளாக்செயினில் அதை இயக்கும் நிரலான காண்ட்ராக்டின் முகவரியைத் திருப்பித் தரும் டூல், கட்டுவதற்கு எளிது. ஏஐ ஏஜென்ட் அதைத் தவறில்லாமல் பயன்படுத்தும்படி ஆவணம் எழுதுவதுதான் கடினம். எத்திரியம் டோக்கன்களுக்கான ஈஆர்சி-20 தரத்தில் ஒரு சின்னம் ஒருவருக்கே சொந்தம் என்ற விதி கிடையாது. டாலர் மதிப்போடு கட்டப்பட்ட யுஎஸ்டிசி டோக்கனின் சின்னத்தோடு யார் வேண்டுமானாலும் ஒரு காண்ட்ராக்டை ஏற்றிவிடலாம். பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் எக்ஸ்ப்ளோரரில் ஒரே பெயரில் பத்து வரிகளைப் பார்க்கும் மனிதர் சற்று நின்று யோசிப்பார். ஏஜென்ட் முதல் வரியை எடுத்துக்கொண்டு அடுத்த வேலைக்குப் போய்விடும். அதை நிறுத்தி யோசிக்க வைக்கும் வாக்கியம் எந்தக் கோப்பில் இருந்தால் வேலை செய்யும் என்பதே இங்கே அளவுகோல்.

ஓபன்ஏபிஐ

ஓர் ஏபிஐ எதை வாங்கும், எதைத் தரும் என்று விவரிக்கும் கோப்பு வடிவம் இது. தரவு வகைகளைத் துல்லியமாகச் சொல்ல இதைவிட நல்ல இடம் இல்லை. 2021-இல் வந்த 3.1 பதிப்பு தரவின் அமைப்பை விவரிக்கும் ஜேசான் ஸ்கீமாவோடு முழுமையாக ஒத்துப்போவதால், இங்கே எழுதும் ஸ்கீமாவை டூல் வரையறைக்கும் எடுத்துக்கொள்ளலாம். இங்கே தவறவிடக் கூடாதது பெரிய எண்கள். 18 டெசிமல்ஸ் (தசம இடங்கள்) உள்ள டோக்கனில் வெறும் 0.01 என்பதே அடிப்படை அலகில் 10^16. ஜாவாஸ்கிரிப்ட் பிழையின்றித் தாங்கும் முழு எண்ணின் எல்லை ஏறத்தாழ 9.007 × 10^15. மொத்த வழங்கலை முழு எண் வகையாக அறிவித்தால், கடைசி இலக்கங்கள் எந்தப் பிழைச் செய்தியும் இல்லாமல் மாறிவிடலாம். ஸ்ட்ரிங் வகையாக வைத்து, இலக்கங்கள் மட்டுமே வரலாம் என்று ஒரு பேட்டர்னும் கொடுக்க வேண்டும்.

பலவீனம், இதைக் கருவி மூலம் அப்படியே ஏஜென்ட் டூல்களாக மாற்றும்போது தெரியும். ஒவ்வொரு எண்ட்பாயின்டும் (ஏபிஐயின் அழைப்பு முகவரி) ஒரு டூலாகிவிடும். ‘டோக்கன் விவரம் தரும்’ என்பது போன்ற அரை வரி விளக்கங்களே வழிகாட்டியாக மிஞ்சும். விலை, தேடல், விவரம் என்று ஒன்றுபோல் தோன்றும் டூல்களுக்கு நடுவே ஏஜென்ட் தடுமாறும். தானியங்கி மாற்றத்தை நாங்கள் பரிந்துரைக்கவில்லை.

எம்சிபி டூல் வரையறை

ஏஐ மாடலை வெளி டூல்களோடு இணைக்க ஆந்த்ரோபிக் 2024 நவம்பரில் வெளியிட்ட எம்சிபி நெறிமுறையில் ஒவ்வொரு டூலுக்கும் பெயர், விளக்கம், உள்ளீட்டு ஸ்கீமா உண்டு. வெளியீட்டு ஸ்கீமா 2025 ஜூன் பதிப்பில் சேர்ந்தது. டூலை அழைப்பதா என்று மாடல் முடிவெடுக்கும் இடத்திலேயே இந்த விளக்கம் அதன் கண்முன் இருக்கிறது. இந்த அலசலில் எம்சிபி முந்துவது இதனால்தான். மீறினால் பணம் தொலையும் எந்த விதியும் இங்கேதான் இருக்க வேண்டும். ஒரு மாதிரி (செயின் என்பது டோக்கன் இருக்கும் பிளாக்செயின்):

‘சின்னம், பெயர் அல்லது முகவரியைக் கொண்டு டோக்கனைத் தேடும். செயின் எண் கட்டாயம். பயனர் செயினைச் சொல்லவில்லை என்றால் கேள். ஒன்றுக்கு மேற்பட்ட விடை வந்தால் நீயே தேர்ந்தெடுக்காதே. முகவரிகளோடு பயனரிடம் காட்டு. விடை இல்லையென்றால் நிறுத்து. நினைவிலிருந்து முகவரி எழுதாதே. டெசிமல்ஸை விடையிலிருந்து மட்டுமே எடு.’

கடைசி வாக்கியத்துக்குக் காரணம் உண்டு. எத்திரியத்தில் யுஎஸ்டிசிக்கு 6 டெசிமல்ஸ். பிஎன்பி செயினில் பைனான்ஸ் வெளியிட்ட நகலான பைனான்ஸ்-பெக் யுஎஸ்டிசிக்கு 18. ஒன்றுக்கு மற்றொன்றை வைத்துக் கணக்கிட்டால் தொகை லட்சம் கோடி மடங்கு பிசகும். ‘நினைவிலிருந்து எழுதாதே’ என்பதும் அலங்காரத்துக்கு இல்லை. வெற்றுப் பட்டியல் வந்தால், மாடல் தன் பயிற்சியில் பார்த்த ஒரு முகவரியை அல்லது அதுபோன்ற ஒன்றை எழுதி இட்டு நிரப்பக்கூடும்.

செயினை எழுத்தாக வாங்காமல், எனம் பட்டியலோடு (அனுமதித்த மதிப்புகள் மட்டும்) எண்ணாக வாங்குங்கள்: எத்திரியம் 1, பிஎன்பி 56, பாலிகான் 137, பேஸ் 8453, ஆர்பிட்ரம் 42161. சோலானாவுக்கு இந்த வரிசையில் எண் கிடையாது. அதற்குத் தனி மதிப்பு வேண்டும். சோலானா முகவரியில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து வேறுபாடு முக்கியம் என்பதால் எல்லாவற்றையும் சிறிய எழுத்தாக்கும் பழக்கம் அங்கே முகவரியையே கெடுத்துவிடும். எத்திரியம் வகை முகவரியிலோ, பெரிய-சிறிய எழுத்து அமைப்பை வைத்துத் தட்டச்சுப் பிழையைப் பிடிக்கும் இஐபி-55 சரிபார்ப்பு மட்டும்தான் தொலையும்.

பிழைகளிலும் கவனம் தேவை. நெறிமுறை மட்டத்தில் பிழை எறிந்தால் அது மாடலை எட்டாமலே போகலாம். டூல் விடைக்குள் பிழைக் கொடியை உயர்த்தி, ‘இந்தச் செயினில் இல்லை, செயின் எண்ணைச் சரிபார்’ என்று அடுத்த படியையும் சொன்னால் மாடல் தானே திருத்திக்கொள்ளும்.

ஸ்கில் கோப்பு

ஒரு வேலையின் படிகளை ஏஜென்டுக்கு எழுதிவைக்கும் கோப்பு இது. 2025 அக்டோபரில் வந்த இந்த முறையில், பெயரும் (64 எழுத்துக்குள்) விளக்கமும் (1024 எழுத்துக்குள்) மட்டுமே முதலில் ஏறும்; உடல் பகுதியைத் தேவைப்படும்போதுதான் மாடல் படிக்கும். எனவே நீளமான நடைமுறைகளுக்கு ஏற்ற இடம்: ஆர்பிட்ரத்தில் யுஎஸ்டிசியின் நிறுவனமான சர்க்கிள் நேரடியாக வெளியிடும் யுஎஸ்டிசியையும் வேறு செயினிலிருந்து பாலம் வழி வந்த பழைய யுஎஸ்டிசி.ஈ-யையும் பிரித்தறியும் படிகள் போன்றவை. கூடவே ஸ்கிரிப்டும் வைக்கலாம். இஐபி-55 சரிபார்ப்புக்குக் கெச்சக்-256 ஹேஷ் வேண்டும். அதை மாடல் மனக்கணக்காகப் போட முடியாது, ஸ்கிரிப்ட்தான் வழி. தட்டச்சுப் பிழையுள்ள முகவரி அந்தச் சோதனையில் தப்பும் வாய்ப்பு 0.0247% மட்டுமே. முகவரி சரியான வடிவில் இருந்து வேறு டோக்கனுடையதாக இருந்தால் அது எதையும் பிடிக்காது.

உடல் பகுதியை மாடல் திறக்காமலே வேலையை முடித்துவிடக்கூடும். பாதுகாப்பு விதியை இங்கே மட்டும் வைப்பதை ஏற்கவே முடியாது.

மூன்றுக்கும் எட்டாத ஓட்டை

டோக்கனின் பெயரை எழுதுவது காண்ட்ராக்டை ஏற்றியவர். ‘முந்தைய கட்டளைகளை மறந்துவிடு’ என்றே ஒருவர் டோக்கனுக்குப் பெயர் சூட்டலாம். அது டூல் விடை வழியாக மாடலுக்குள் நுழையும். ஆவணத்தில் எச்சரித்தால் மட்டும் போதாது. சர்வரிலேயே பெயரின் நீளத்தை வெட்டி, கட்டுப்பாட்டு எழுத்துகளை நீக்கி, அந்தப் புலத்துக்கே ‘சரிபார்க்கப்படாத பெயர்’ என்று பெயரிடுங்கள்.

ஒன்றை மட்டும் எழுத நேரம் இருந்தால் எம்சிபி விளக்கத்தைக் கையால் எழுதுங்கள். ஓபன்ஏபிஐ ஏற்கெனவே இருந்தால் வகைகளுக்கு அதுவே மூலமாக இருக்கட்டும். இரண்டிலும் செயின் பட்டியல் வேறுபட்டால் பில்ட் (நிரலைத் தொகுக்கும் படி) நிற்க வேண்டும். விளக்கத்தில் ஒரு சொல்லை மாற்றினாலும் இந்த ஐந்து கேள்விகளை மாடலிடம் மறுபடி ஓட்டுங்கள்: செயின் சொல்லாத யுஎஸ்டிசி, இல்லாத ஒரு சின்னம், ஆர்பிட்ரத்தில் யுஎஸ்டிசி, ஒரு சோலானா முகவரி, எத்திரியத்தில் எம்கேஆர் (மேக்கர் டோக்கன்). எம்கேஆரின் பழைய காண்ட்ராக்ட் பெயரையும் சின்னத்தையும் ஸ்ட்ரிங்காகத் தராமல் பைட்ஸ்32 (நிலையான 32 பைட்) வடிவில் தருவதால், ஸ்ட்ரிங்கை மட்டும் எதிர்பார்க்கும் டிகோடர் அங்கே விழும்.